பாடினவங்க பேர் என்ன?
(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியது)

கடன் வசூல், வங்கி இணைப்பு எல்லாம் காலையிலேயே பேசி முடித்துவிட்டோம். இப்போது கொஞ்சம் ரேடியோவைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். சிரிக்காதீங்க!

திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது 1939-ல். அறுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தை ரேடியோவில் கேட்டுக் கேட்டே ஜனங்கள் பயிர் செய்தார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வந்துவிட்டது.

பாட்டு விஷயத்தில் மட்டும் ரேடியோவுக்குப் பெரிய இடத்து ஆசாரம் இருந்தது. நம் கூத்துக்காரர்கள் வாசிக்கிற ஆர்மோனியப் பெட்டிக்கே 1940-ல் தடை போட்டார்கள். தளர்த்த முப்பது வருஷம் ஆயிற்று. ஆனாலும் நடவுப் பாட்டு, தாலாட்டு, தெம்மாங்கு எல்லாம் அதே ரேடியோவில் ஏறிவிட்டன. சிவகங்கைப் பக்கத்துக் கொல்லங்குடி கருப்பாயி அம்மா வானொலியில் பாடித்தான் பேர் பெற்றார். 1985-ல் 'ஆண்பாவம்' படத்தில் நடித்தது அதற்குப் பிறகுதான். கலைமாமணி விருதும் வாங்கினார். 2025-ல் காலமானபோது வயது 99. கவனித்தீர்களா, ஊர்ப் பேரோடுதான் நாடே அவரைக் கூப்பிட்டது.

இங்கேதான் எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருஷம் முன்பு விழிப்புணர்வுக் கலைப்பயணத்துக்கு மெட்டு தேடினோம். ஒரு குழுவில் மூத்த அக்கா ஒருவர் நாற்று நடும்போது பாடுகிற பாட்டைப் பாடிக் காட்டினார். மாமியார் வீடு, முதுகுவலி, கூலியில் பிடித்த காசு எல்லாம் அதில் வரும். நாங்கள் மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு, சேமிப்பு, சுகாதாரம் என்று வார்த்தைகளை மாற்றிவிட்டோம். ஊர் ஊராகப் பாடினோம். நல்ல கைதட்டல். அந்த அக்கா ஊருக்கும் போனோம். முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். முடிந்ததும், "நல்லாத்தான் இருக்கு கண்ணு. ஆனா எம் பாட்டுல என்னயக் காணோமே" என்றார்.

எங்களுக்குப் பதில் வரவில்லை. அவரிடம் அனுமதி கேட்கவில்லை, மேடையில் பேர் சொல்லவில்லை. ஒரு ரூபாய் சந்தா என்றாலும் பேர் எழுதி வரவு வைக்கிற ஆட்கள் நாம்! ரேடியோவில் பாடினவருக்கு ஒப்பந்தம் உண்டு, சன்மானம் உண்டு. நாங்கள் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததோடு சரி.

அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு குழுவிலும் தீர்மான நோட்டோடு ஒரு பாட்டு நோட்டும் வைக்கக் கேட்டிருக்கிறோம். பாட்டு, பாடினவர், ஊர், யாரிடம் கற்றார், இவ்வளவு எழுதினால் போதும். ஒப்பாரியும் எழுதலாம், வெட்கப்பட வேண்டாம். வெளியில் பாட வேண்டுமென்றால் முதலில் அவரைக் கேட்போம்.

அந்த அக்கா இன்றைக்கு வந்திருக்கிறார். அவருடைய வார்த்தையிலேயே முழுசாகப் பாடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மைக்கை அவரிடம் கொடுக்கிறோம். அக்கா, வாங்க, முதல்ல உங்க பேரச் சொல்லுங்க.