காத்திருக்கக் கற்றோம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கொல்கத்தாவில் குடியேறிய நமக்கு முதலில் விளங்காதிருந்தது வங்க மொழியன்று. வங்க நண்பர்களின் நேரமே. மாலை ஏழு மணிக்கு விருந்து என்று அழைப்பார்கள். ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையிலேயே நாம் வாயிற்படியில் நிற்போம். வீட்டுக்காரர் அப்பொழுதுதான் பையும் கையுமாகக் கடைக்குப் புறப்படுவார். "அமருங்கள், இதோ வந்துவிட்டேன்" என்பார். அதன்பின் பேச்சு, அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'அட்டா'. தேநீர் வரும், அரசியல் வரும், கால்பந்தாட்டம் வரும், தாகூர் வருவார். சோறு மட்டும் வராது. உண்டு எழும்பொழுது மணி பதினொன்று.

நாம் உள்ளுக்குள் குமைந்தோம். 'இவர்களுக்குக் காலத்தின் அருமை தெரியவில்லையே' என்று வீடு திரும்பும் வழியெல்லாம் பேசினோம்.

அந்த எண்ணத்தைத் திருத்தியது துர்க்கா பூஜை. அஷ்டமித் திதியின் கடைசி 24 நிமிடமும், நவமியின் முதல் 24 நிமிடமும் சேர்ந்த பொழுதில் சந்தி பூஜை நடந்தாக வேண்டும். அவ்வேளை நள்ளிரவில் வாய்த்தாலும் சரி, விடியலில் வாய்த்தாலும் சரி, 108 தாமரையும் 108 விளக்கும் ஆயத்தமாக இருக்கும். நம்மைக் காக்க வைத்த அதே நண்பர், பஞ்சாங்கத்தையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தவண்ணம் பந்தலில் நிற்கக் கண்டோம். 24 நிமிடம் என்பது நம் முன்னோர் கணக்கில் ஒரு நாழிகையன்றோ? முகூர்த்தம் தவறலாகாது என்று நாம் பதறுவதும் இவ்வாறுதானே? காலத்தின் அருமையை அவர்கள் நன்கறிவார்கள். எங்கே கண்டிப்பு, எங்கே தளர்வு என்று வகுத்துக்கொண்ட முறைதான் வேறு.

கடிகாரமும் மனிதர் வகுத்ததே. நாடு முழுமைக்கும் பொதுவான நேரம் 1906-ஆம் ஆண்டில் வந்த பின்னரும், இந்நகரம் 1948 வரையில் 'கல்கத்தா நேரம்' என்று தனியே ஒன்றை வைத்திருந்தது. அது பொது நேரத்திற்கு ஏறக்குறைய ஒரு நாழிகை முந்தியது என்பதை எண்ணினால் நகைப்பு வருகிறது!

பின்னர் ஓர் இரவு, நம் குடியிருப்பில் பெரியவர் ஒருவருக்கு மார்வலி கண்டது. கதவைத் தட்டிய சில நிமிடங்களில் அந்த நண்பர் வண்டியுடன் வந்தார். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் விடியும்வரை அமர்ந்திருந்தார். ஒரு முறையேனும் கடிகாரத்தைப் பார்த்தாரில்லை. விடைபெறுகையில் 'ஆஷ்சி' என்றார். 'வருகிறேன்' என்பது அதன் பொருள். நாமும் போகும்பொழுது அப்படித்தானே சொல்கிறோம்! நம் நேரத்தை எண்ணாமல் எடுத்துக்கொண்டவர், தம் நேரத்தையும் எண்ணாமலே கொடுத்தார்.

ஆயினும், இதனை நாம் சாக்காகக் கொள்ளலாகாது. நம் சங்க நிகழ்ச்சிகளுக்கு ஆறு மணி என்று அச்சிடுகிறோம், ஏழரைக்குத் தொடங்குகிறோம். 'இவ்வூர் வழக்கம்' என்று சிரித்துக்கொள்கிறோம். சலங்கை கட்டி, முகப்பூச்சுடன், பசியோடு மேடைக்குப் பின்னால் உறங்கிவிடும் குழந்தைக்கு அந்தச் சிரிப்பு விளங்காது. சந்தி பூஜைக்கு ஈடான கண்டிப்பு அக்குழந்தைக்கும் உரியது.

பிறருக்காக முகம் கோணாமல் காத்திருப்போம். பிறரைக் காக்க வையாதிருப்போம். அடுத்த ஆண்டு விழா குறித்த மணிக்கே தொடங்குக!