வயிற்றுப் புண்ணும் அதன் மருந்தும்

(தம்பானூரில் நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வயிறு எரிந்தால் ஒரு சோடா, மூட்டு வலித்தால் ஒரு மாத்திரை என்று நாள் கழிப்பவர் நம்முள் பலர். வயிற்றுப் புண்ணை விதியென்றும் மிளகாயின் குற்றமென்றும் கருதிப் பல்லாண்டு சுமக்கின்றோம். அது சுமக்க வேண்டிய நோயன்று. தீர்க்கத்தக்க நோய் என்பதையே கூற விழைகின்றோம்.

இங்கிருந்து நாகர்கோவில் செல்லும் இருப்புப்பாதையில், இரணியல் நிலையத்திற்கு அருகே உள்ளது நெய்யூர். 1922-இல் எவரெஸ்டு ஏறச் சென்ற ஆங்கில மருத்துவர் சாமர்வெல், பின்னர் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நோயாளர் நெரிசலைக் கண்டு, அங்கேயே பணிபுரியத் துணிந்தார். தென் திருவிதாங்கூரில் முன்சிறுகுடற் புண் மலிந்திருந்த காலம் அது. உணவுக் கட்டுப்பாட்டிற்கும் கார மருந்திற்கும் அடங்காத புண்ணுக்கு அறுவையே வழி. 2,500 அறுவைகளின் அனுபவத்தை அவரும் அவர்தம் துணைவரும் 1936-இல் மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

1970-களில் அமிலத்தைக் குறைக்கும் சிமெடிடின் வந்தது. புண் ஆறிற்று, மருந்தை நிறுத்தியதும் பலர்க்குத் திரும்பிற்று. காரணம் 1982-இல் ஆஸ்திரேலியாவில் தெளிவாகத் தொடங்கிற்று. வாரன், மார்ஷல் என்னும் இருவர் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற நுண்ணுயிரை ஆராய்ந்தனர். 1984-இல் மார்ஷல் அதனைத் தாமே பருகி இரைப்பை அழற்சியுற்றார். 2005-இல் இருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று மூச்சு, மலம், எண்டோஸ்கோபி ஆகிய சோதனைகளால் அந்நுண்ணுயிரைக் கண்டறியலாம். ஓமிப்ரசோல் போன்ற அமிலம் தணிக்கும் மருந்துடன் நுண்ணுயிர்க்கொல்லிகளையும் சேர்த்துப் பெரும்பாலும் 14 நாள் தருகின்றனர். நான்காம் நாளே வலி நீங்கிற்றென்று நிறுத்துதல் கூடாது. எஞ்சிய கிருமி மருந்தை வெல்லப் பழகிவிடும்.

மற்றொரு பெருங்காரணம் வலி மாத்திரை. நம்முடன் பணிபுரிந்த நண்பர் ஒருவர் மூட்டுவலிக்கு அதனை நாடோறும் விழுங்கினார். மலம் தார்போற் கறுத்தும் நான்கு நாள் வாளாவிருந்தார். ஐந்தாம் நாள் மேசையருகே மயங்கி வீழ்ந்தார். குருதி ஏற்றி அவரைக் காத்தனர். இதய நோய்க்கு ஆஸ்பிரின் உண்போர் மட்டும் மருத்துவரைக் கேளாது அதனை நிறுத்தலாகாது.

கறுத்த மலம், குருதி வாந்தி, திடீரெனத் தாக்கும் கடும் வயிற்றுவலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவமனை செல்லுங்கள். ஆண்டுக்கணக்கில் எரிச்சலுக்கு மருந்துண்போர், எரிச்சலின் காரணம் யாதெனக் கேளுங்கள். நெய்யூரில் கத்திக்கு வரிசையில் நின்ற நம் முன்னோர்க்கு வாய்க்காத வழி நமக்கு வாய்த்துள்ளது. அதனைப் பயன்கொள்வோமாக.