உப்பள அட்டவணை படநூலாகும்போது



மரக்காணத்தில் பல பிள்ளைகளின் வீட்டுச் சோறு உப்பளத்திலிருந்து வருகிறது. உப்பு விளைவதைப் பற்றிய ஆய்வுகளோ ஆங்கிலத்தில், அட்டவணைகளாக இருக்கின்றன. அவற்றைக் கைபேசியில் படிக்கும் படநூலாக்குவது பற்றிச் சில வார்த்தைகள்.

ஆய்வு சொல்வது இதுதான்: கடல்நீரின் அடர்த்தி சுமார் 3 டிகிரி போமே. வெயிலில் வற்ற வற்ற அது ஏறும். முதலில் சுண்ணாம்பு, பிறகு ஜிப்சம் படியும். சுமார் 25 டிகிரியில் உப்பு பூக்கத் தொடங்கும். 29-ஐத் தாண்டவிட்டால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும்.

இதை அடுத்தடுத்த பாத்திகளாக வரையலாம். வடிவமைப்புச் செயலியில் வண்ணமும் அசைவும் கொட்டிக் கிடக்கும், கை துறுதுறுக்கும். 25, 29 என்ற எண்கள் மறைந்துபோனால் அது ஆய்வல்ல, பொங்கல் வாழ்த்து அட்டை. எண்களைப் படத்திலும், விளக்கத்தைப் படத்துக்குக் கீழே யுனிகோடு எழுத்திலும் தாருங்கள். படத்துக்குள் பதித்த விளக்கத்தைப் பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குக் கைபேசி சரியாக வாசித்துக் காட்டாது. யாருடைய ஆய்வு, எந்த ஆண்டு என்பதும் அதே பக்கத்தில் வேண்டும்.

வெளியிடும் முன் உப்பளத்தில் வேலை செய்யும் பெற்றோரிடம் காட்டுங்கள். "மழை எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு மழையில் அடர்த்தி இறங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை வந்தால் வேலையும் நிற்கும், கூலியும் நிற்கும். அட்டவணையில் அது இல்லை. அந்தப் பக்கத்தை மட்டும் பிள்ளைகளே வீட்டில் கேட்டு எழுதட்டும்.