இளையோரிடம் யார் கேட்டார்கள்?



செராஸ் வட்டார மக்களுக்கு மருத்துவமனை புதிதல்ல. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை 1997-ஆம் ஆண்டு முதல் இங்கே இயங்கி வருகிறது. சான்சலர் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை என்பது அதன் இன்றைய பெயர். கட்டடம் இருக்கிறது, கருவிகள் இருக்கின்றன. ஆனால், மனம் உடைந்து நிற்கும் பதினாறு வயதுப் பிள்ளை உதவி கேட்டு ஒரு கிளினிக்கின் வாசற்படியையாவது மிதிக்கிறதா?

2022-ஆம் ஆண்டில் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடையே சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தது தெரியவந்தது. தற்கொலை எண்ணம் தோன்றியதாகச் சொன்னவர்கள் 13.1 விழுக்காட்டினர். 2017-இல் அது 10 விழுக்காடாக இருந்தது.

பிள்ளைகள் ஏன் கிளினிக்கிற்குப் போகத் தயங்குகிறார்கள்? பெரும்பாலான அரசாங்கக் கிளினிக்குகள் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தின் பெரும்பகுதியும் அதற்குள்தான் வருகிறது. அப்படியே போனாலும், பக்கத்து வீட்டு ஆன்ட்டி அங்கே காத்திருந்தால் செய்தி வீட்டுக்கு முந்திக்கொண்டு வந்துவிடும். பொதுவாக, 18 வயதுக்குக் குறைந்தவர்களின் சிகிச்சைக்குப் பெற்றோர் சம்மதமும் தேவை. இந்தச் சங்கடங்களைப் பிள்ளைகளைவிட நன்றாக அறிந்தவர் யார்?

இளையோரை அழைக்கும் வழக்கம் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. 1996-இல் சுகாதார அமைச்சு தொடங்கிய ‘புரோஸ்டார்’ எய்ட்ஸ் விழிப்புணர்வுத் திட்டம், இளையோர் வழியாகவே இளையோரை எட்ட முனைந்தது. பள்ளிகளில் ‘டாக்டர் மூடா’ மாணவர்கள் சக மாணவர்களுக்கு உடல்நலம் பற்றி எடுத்துச் சொல்கிறார்கள். இவை நல்ல முயற்சிகள். எனினும், செய்தியைக் கொண்டு சேர்ப்பது வேறு, சேவை எப்படி அமைய வேண்டும் என்று முடிவெடுப்பது வேறு.

ரோஜர் ஹார்ட் என்ற அறிஞர் 1992-இல் யுனிசெப் வெளியீடு ஒன்றில் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்துக் காட்டினார். கீழே உள்ள மூன்று படிகள் பங்கேற்பே அல்ல என்றார். பிரமுகர் வரும் நாளில் பிள்ளைகளுக்கு ஒரே நிறச் சட்டை அணிவித்து ஆடவைப்பது வெறும் அலங்காரம்தான்!

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் இளையோருக்கான மருத்துவச் சேவைக்கு எட்டுத் தரங்களை வகுத்தது. சேவையைத் திட்டமிடுவதிலும் மதிப்பிடுவதிலும் இளையோர் பங்கு பெறவேண்டும் என்பது எட்டாவது தரம். கிளினிக்கிற்கு வந்து போகும் பிள்ளைகளிடம் கேட்கவேண்டிய கேள்விகளும் அதனுடன் தொகுக்கப்பட்டுள்ளன. அந்நிறுவனத்தின் அகப்பக்கத்தில் அவற்றை இலவசமாகவே பெறலாம். அவற்றை எளிய மலாயிலும் தமிழிலும் எழுதிக்கொண்டால் செராஸ் கிளினிக்குகளிலும் பயன்படுத்தலாம்.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. சனிக்கிழமையில் ஒரு கூட்டம், பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டணம், கொஞ்சம் பலகாரம் போதும். அவர்கள் சொன்னதில் எது ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்று அடுத்த கூட்டத்தில் பதில் சொல்ல ஓர் அதிகாரியும் வேண்டும். பதில் கிடைக்காத பிள்ளை மறுமுறை வாய் திறக்காது.

அரசாங்கக் கிளினிக்குகளில் வட்டார மக்களைக் கொண்ட ஆலோசனைக் குழுக்கள் அமைக்கப்படுவதுண்டு. அவற்றில் இளையோருக்கு இரண்டு இடங்கள் கேட்கலாம். ஒன்று பள்ளியில் படிப்பவருக்கு, மற்றொன்று படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனவருக்கு. இரண்டாமவரின் குரல்தான் எங்கேயும் கேட்பதில்லை. ஆலயங்களும் இளைஞர் இயக்கங்களும் அத்தகையவரைத் தேடி அழைத்து வரலாம்.

பெற்றோர்களே, பிள்ளை கருத்துச் சொன்னால் அது எதிர்த்துப் பேசுவதாகாது.

2021 டிசம்பர் முதல் 18 வயதானவர்கள் இந்நாட்டில் வாக்களிக்கலாம். நாட்டை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்க அந்த வயது போதுமென்றால், கிளினிக் எத்தனை மணிவரை திறந்திருந்தால் உதவியாக இருக்கும் என்று பதினாறு வயதுப் பிள்ளையிடம் கேட்பதில் என்ன தயக்கம்?