ஆடற்கலையும் நம் பெண்மக்களும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணக்கூடும். மாணவியர் விடுதியில் நடன வகுப்பு வேண்டும் என்றொரு கோரிக்கை வந்துள்ளது. நம்மவர் பலர் அதனை எதிர்க்கின்றனர். ஆதலின் பேசியே ஆகவேண்டும்.

எதிர்ப்போரின் அச்சம் வெற்றச்சம் அன்று. கோயிலிலும் அரண்மனையிலும் சதிர் ஆடிய பெண்டிர் கலையைக் காத்தனர். ஆனால் இல்லற வாழ்வு அவர்களுக்கு மறுக்கப்பட்டது. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி 1927ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் எழுப்பிய குரல் 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டமாயிற்று. அக்கொடுமையை உள்ளிருந்தே அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் அதுபற்றிப் புதினமே எழுதினார்.

அதே காலத்தில் சதிர் பரதநாட்டியம் எனப் பெயர் மாறியது. 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறினார். ஆட்டத்தைப் பழித்த குடும்பங்களே பின்னர்த் தம் பெண்களுக்குச் சலங்கை கட்டின. கலை உயர்ந்தது, அதனைக் காத்த பெண்டிரோ பெரும்பாலும் மறக்கப்பட்டனர். பாலசரசுவதி போன்ற வெகு சிலரே மேடையில் நிலைத்தனர்.

குற்றாலக் குறவஞ்சியை எண்ணிப் பாருங்கள். வசந்தவல்லி பந்தாடுகிறாள், காதலால் வாடுகிறாள். சிங்கி வந்து மலைவளம் கூறிக் குறி சொல்கிறாள். நூலின் பிற்பகுதியை ஆள்பவர்கள் சிங்கியும் சிங்கனுமே. 1944இல் கலாக்ஷேத்திரம் அதனை நாட்டிய நாடகமாக்கியது. குறத்தியின் கூடையைச் சபையோர் சுவைத்தனர். உண்மையிலேயே கூடை முடையும் பெண் அத்தகைய மேடையேறி நாம் கண்டதில்லை. பள்ளி ஆண்டு விழாக்களிலோ வேறொரு விந்தை. வசந்தவல்லி வேடம் பிறர் பிள்ளைக்கு, குறத்தி வேடம் நம் பிள்ளைக்கு! நிறம் பார்த்து வேடம் பங்கிடுவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறோம்.

தெருக்கூத்தில் திரௌபதியையும் ஆடவரே ஆடிவந்தனர். பெண்ணின் சினத்தையும் ஆண் குரலிலேயே கேட்டோம். பறையோ, சாவுக்கும் திருவிழாவுக்கும் கட்டாய ஊழியமாக நம் முன்னோர் தோளில் தொங்கியது. அதனை இறக்கி வைத்தது தன்மானம். ஆயினும் 1990களில் திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் பறையைத் தாமே தோளில் மாட்டி முழக்கி ஆடினர். ஏவலுக்கு அடிப்பதும் விரும்பி அடிப்பதும் ஒன்றாகா.

ஆகவே வகுப்பு நடக்கட்டும் என்பதே நம் கருத்து. பரதமும் பறையும் ஒருங்கே கற்பிக்கப்படட்டும். வேடத்தை மாணவியே தேர்ந்துகொள்ளட்டும். தேர்வுக் காலத்தில் வகுப்பு வேண்டா. விருந்தினர் வரும்போதெல்லாம் வரவேற்பு நடனத்திற்கெனப் பெண்களை வெயிலில் நிறுத்தும் வழக்கத்தை மட்டும் இக்கழகம் ஒருபோதும் ஏற்கலாகாது.

சலங்கைக்கும் பறைக்கும் ஆகும் செலவைப் பழைய மாணவர் ஏற்க முன்வரவேண்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதனை முடிவு செய்வோம். அன்று தாய்மார்களே முதலில் பேசவேண்டுமென வேண்டுகிறோம். தந்தையர் கருத்தை ஏற்கெனவே போதுமான அளவு கேட்டுவிட்டோம்.