குட்டை நம்முடையது, விலை யாருடையது?

(சிறு விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



பண்ணைக்குட்டையில் மீன் விட்டால் வருமானம் பெருகும் என்கிறார்கள். மீன் வளரும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. 1957ல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி ஊசி போட்டுக் கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார். அதுவரை ஆற்றில் அரித்தெடுத்த கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் இன்று பண்ணைகளிலேயே கிடைக்கின்றன. விஞ்ஞானம் தன் வேலையைச் செய்துவிட்டது. கணக்குதான் இடிக்கிறது!

அரை ஏக்கர் குட்டையில் 1,000 குஞ்சு விடுவதாக வைத்துக்கொள்வோம். பத்து மாதத்தில் 800 மீன் தேறி, தலைக்கு முக்கால் கிலோ என்றால் 600 கிலோ. கிலோ மீனுக்கு 2 கிலோ வீதம் புண்ணாக்கும் தவிடும் 1,200 கிலோ. கிலோ 40 ரூபாய் என்றால் 48,000 ரூபாய். மீன் கிலோ 120க்கு விற்றால் 72,000, மிச்சம் 24,000. வியாபாரி 90தான் தருவேன் என்றால் மிச்சம் வெறும் 6,000! குஞ்சு விலையும் வலைக்காரர் கூலியும் இதற்குள்தான். விலை கால் பங்கு இறங்கினால் நம் மிச்சத்தில் முக்கால் பங்கு போய்விடுகிறது.

ஏன் 90க்குக் கொடுக்கிறோம்? பிடித்த மீன் மாலைவரை தாங்காது. பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றும்போது எல்லோரும் ஒரே சமயத்தில் வலை போடுகிறோம். தனித்தனியே நிற்கிறோம். வியாபாரிக்கு இது தெரியும்.

2020ல் மத்திய அரசு தொடங்கிய மத்ஸ்ய சம்பதா திட்டம் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் 60 சதவீதமும் மானியம் என வகுத்தது. வரவேற்கிறோம். ஆனால் மானியம் குட்டை வெட்ட உதவும். விலை பேச உதவுமா? வாய்மொழிக் குத்தகைக்காரரிடம் பதிவுப் பத்திரம் ஏது?

வழி நமக்குப் புதிதல்ல. கொங்கு நாட்டில் பாலைச் சங்கத்தில் ஊற்றுகிறோம். கொழுப்பு பார்த்து விலை, புத்தகத்தில் கணக்கு. மீனுக்கும் அப்படியொரு ஏற்பாடு வேண்டும். பத்துக் குட்டைக்காரர்கள் சேர்ந்தால் தீவனத்தை மொத்தமாக வாங்கலாம்; முறை வைத்து வாரம் ஒரு குட்டையில் வலை போடலாம்; உயிர்மீனைக் கரையிலேயே ஊராருக்கு எடை போடலாம்.

ஐஸ் பெட்டியும் தராசும் சங்கத்துக்குக் கொடு, குத்தகை விவசாயிக்கும் மானியம் கொடு என்று அரசைக் கேட்போம். முதலில் ஊர்தோறும் அந்தப் பத்துப் பேர் ஒன்றுகூடுவோம்!