கை வைக்காத கலை

கணினித் திரையில் விமானம் ஓட்டிப் பழகுகிறவர்களில் ஒரு சிறு கூட்டம் புது விமானங்களைத் தொடுவதே இல்லை. 1960களின் பிரிட்டிஷ் ஜெட்டுகளான டிரைடன்ட், விசி10 இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். லண்டன் ஹீத்ரோவின் மேல் பனிமூட்டத்தை வேண்டுமென்றே கெட்டியாக்குவார்கள். பிறகு விமானத்தைத் தானாகவே தரையிறங்க விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தானாக இறங்குகிற ஒன்றில் மனிதனுக்கு என்ன பயிற்சி என்று நானும் முதலில் சிரித்தவன்தான்.

இந்த வித்தை பிரிட்டனின் பனியில் பிறந்தது. குளிர்காலத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் வேறு ஊருக்குப் போய் இறங்கும். பயணிகள் பஸ்ஸில் திரும்புவார்கள். இதற்கு வழி தேட 1945லேயே குருட்டுத் தரையிறக்கச் சோதனைப் பிரிவு என்று ஒன்றை அரசு அமைத்தது. பெயரில் ஒளிவுமறைவே இல்லை. பிரிட்டிஷ் நிபுணர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் கடுமையானது: ஒரு கோடி தானியங்கித் தரையிறக்கத்துக்கு ஒரு பெரும் விபத்துக்கு மேல் கூடாது. ஒரே கருவியை நம்பினால் இது நடக்காது. அதனால் டிரைடன்டில் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் ஆட்டோபைலட் மூன்று தடங்களாக வேலை செய்தது. மூன்றில் ஒன்று மாறிச் சொன்னால் மற்ற இரண்டும் சேர்ந்து அதை ஒதுக்கிவிடும். பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி. மிச்சமிருக்கும் இரண்டும் விமானத்தை இறக்கிவிடும்.

1965 ஜூன் 10 அன்று பாரிசிலிருந்து பயணிகளோடு வந்த பிஇஏ என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் டிரைடன்ட், ஹீத்ரோவில் தானாகத் தரை தொட்டது. பயணிகள் சேவையில் அதுவே முதல் முறை. அன்று உயரக் கணக்கை மட்டும் கருவி பார்த்தது. திசையை விமானி பார்த்துக்கொண்டார். உண்மையான பனிக்குள் முழுமையாக இறங்கும் அனுமதி 1970களில்தான் வந்தது.

இனி நம் மேசைக்கு வருவோம். நான் பழகுவது டிரைடன்டில். இந்தக் கால ஜெட்டில் வண்ணத் திரை ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடும். டிரைடன்டிலோ முள் அசையும் வட்டக் கருவிகள், ஏகப்பட்ட ஸ்விட்சுகள். பேனா முனை நகர்ந்து நாம் போன வழியைக் கோடாக இழுக்கும் காகிதச் சுருள் வரைபடம் ஒன்றும் உண்டு. வேகம், இறக்கைமடல், சக்கரம், அலைவரிசை என ஒவ்வொன்றையும் நாம்தான் நேரத்தோடு ஒழுங்கு செய்து இயந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

அங்கேதான் நான் கவிழ்ந்தேன். விமானத்தை ஓடுபாதைக்கு வழிநடத்தும் வானொலிக் கற்றையின் அலைவரிசை ஹீத்ரோவின் வலது ஓடுபாதை 27க்கு 110.30, இடதுக்கு 109.50. வலதில் இறங்குவதாக நினைத்துக்கொண்டு 109.50ஐ வைத்துவிட்டேன். பனிக்குள் அழகான இறக்கம். சக்கரம் மெத்தென்று தொட்டது. எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டு பனியை விலக்கிப் பார்த்தால், நிற்பது இடது ஓடுபாதையில்! இயந்திரத்தின் மேல் குற்றமே இல்லை. அன்றுதான் சிரிப்பு அடங்கியது. (பழைய காலத்தை அப்படியே வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: அன்று அந்த ஓடுபாதைகளின் எண் 28. பூமியின் காந்தத் திசை நகர்ந்துகொண்டே போனதால் 1987ல் 27 ஆயிற்று.)

எல்லாவற்றையும் ஒப்படைத்த பிறகு வருவதுதான் கடினமான பகுதி. மூன்று டிகிரிச் சரிவில், 140 நாட் வேகத்தில், ஆயிரம் அடியிலிருந்து தரைக்கு 80 விநாடி. வெளியே வெள்ளைச் சுவர். தரையிலிருந்து உயரம் காட்டும் ரேடியோ ஆல்டிமீட்டரின் முள் இறங்கிக்கொண்டே வரும். 60 அடி வாக்கில் மூக்கு மெல்ல நிமிர வேண்டும். நிமிர்ந்ததா? த்ராட்டில் பின்னால் வந்ததா? வரவில்லை என்றால் அந்தக் கணமே மேலே ஏற வேண்டும். கை கட்டுப்பாட்டுக் கருவியின் மேல் இருக்க வேண்டும், ஆனால் அழுத்தக் கூடாது. தாளம் போடத் துடிக்கும் கையை அடக்கிக்கொண்டு கச்சேரி கேட்பது போலத்தான். பொத்தானை அழுத்திவிட்டு காபி எடுக்கப் போகிறவர் இதைப் பழகவில்லை, வேடிக்கை பார்க்கிறார்.

குறையும் சொல்ல வேண்டும். சிமுலேட்டரில் வானொலிக் கற்றை அடிகோல் வைத்து இழுத்தது போல வரும். நிஜத்தில், கீழே ஒரு விமானம் குறுக்கே ஊர்ந்தாலே கற்றை வளையும். பனி நாட்களில் விமானங்களுக்கு இடையே கூடுதல் இடைவெளி விடுவது அதனால்தான். அதோடு, ஆர்வலர்கள் உருவாக்கிய பல மாதிரிகளில் அந்த மூன்று தடங்கள் பெயரளவுக்குத்தான். உள்ளே ஓடுவது ஒரே ஆட்டோபைலட். பஞ்சாயத்தே கூடாத ஊரில் தீர்ப்பு மட்டும் வருகிறது! இந்த விமானத்தின் உயிர்நாடியே அந்தப் பஞ்சாயத்து என்பதால் எனக்கு இது பெரிய குறை.

இத்தனை வித்தை தெரிந்தும் டிரைடன்ட் விற்பனையில் தோற்ற விமானம். மொத்தம் 117தான் கட்டினார்கள். போட்டியாக வந்த போயிங் 727 ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் போயிற்று. நமக்கு அருகில் ஏர் சிலோன் ஒரே ஒரு டிரைடன்டை வைத்திருந்தது.

பழக விரும்புகிறவர்கள் முதல் இருபது தடவையாவது தெளிவான வானத்தில் பழகுங்கள். மூக்கு எப்போது நிமிர்கிறது, ஓடுபாதை எந்தக் கோணத்தில் எழுந்து வருகிறது என்று கண் பழகட்டும். பனியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். இங்கிலாந்துக்குப் போக வாய்த்தால் டக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் ஒரு டிரைடன்ட் நிற்கிறது. அதன் மூக்குச் சக்கரம் நடுவில் இருக்காது. இரண்டடி இடப்பக்கம் தள்ளி இருக்கும். நேரில் பார்த்து வாருங்கள்.